முந்த முடியாத ரேஸ்: விதி தப்பா, வளைவு தப்பா?

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை. 2025 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரே செல்போனில் ஆறு பேர் மொனாக்கோ கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் பந்தயம் தாண்டியும் யாரும் யாரையும் முந்தவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி நிக்கிற மாதிரி வரிசையாப் போறானுங்க? இதுக்கு எதுக்கு இவ்வளோ சத்தம்?" என்று கேட்டார்.

துறைமுகத்து வரிசையில் லாரிகள் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று எங்கள் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். அந்த உவமை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த சண்டைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மூன்று பேர் விதிகளை மாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் டிராக்கே தப்பு, மொனாக்கோவை மூட வேண்டும் என்றார்கள். நான் என் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாய் விட்டேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் ரேஸ் எதற்கு என்று கேட்கிறீர்களா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு கார் கேமை இன்ஸ்டால் செய்துவிடுகிறீர்கள். அது வெறும் விளையாட்டு இல்லை, ஒரு சோதனைச் சாலை என்பதுதான் என் கட்சி. அதோடு, சோதனையின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் நான் சறுக்கினேன்.

முதலில் மொனாக்கோ கதை. அந்த டிராக்கின் நீளம் 3.337 கிலோமீட்டர். ஊரின் சாதாரணத் தெருக்கள்தான், இரண்டு பக்கமும் தடுப்பு. 2024ல் முதல் சுற்றிலேயே பெரிய விபத்து நடந்து பந்தயம் நிறுத்தப்பட்டது. அந்த இடைவேளையில் எல்லோரும் டயரை மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு யாருக்கும் உள்ளே வந்து டயர் மாற்றும் அவசியமே இல்லை. முதல் பத்து இடங்களில் கிளம்பியவர்கள் அதே வரிசையில் வந்து முடித்தார்கள். ஃபார்முலா ஒன் சரித்திரத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

உடனே விதி மாறியது. 2025 மொனாக்கோவில் ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று செட் டயர்களைப் பயன்படுத்த வேண்டும், அதாவது இரண்டு தடவை உள்ளே வர வேண்டும் என்றார்கள். குழுக்கள் என்ன செய்தன தெரியுமா? ஒரு கார் வேண்டுமென்றே மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிற எல்லோரையும் அடக்கி வைத்தது. அந்த இடைவெளியில் அதே குழுவின் இன்னொரு கார் நிம்மதியாக டயர் மாற்றிக்கொண்டு வந்தது. ரேசிங் புல்ஸ் குழு ஆரம்பிக்க, வில்லியம்ஸ் குழுவும் அதையே செய்தது. வெர்ஸ்டாப்பன் கடைசிக்கு முந்தைய சுற்று வரை இரண்டாவது தடவை உள்ளே வராமல், எங்காவது விபத்து நடக்குமா என்று காத்திருந்தார். பந்தயத்தை வேகமாக்கப் போட்ட விதி, மெதுவாக ஓட்டுவதற்குக் காரணமாகிவிட்டது!

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு பிழையைச் சரிசெய்கிறோம் என்று மேலே ஒரு ஒட்டுப் போடுவோம். பிழை இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

விதியால் பந்தயமே படுத்துப்போன கதை ஒன்று நம்ம ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது. 2005ல் ஒரு விதி இருந்தது: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர், நடுவில் மாற்றக் கூடாது. அந்த ஆண்டு அமெரிக்காவில் இண்டியானாபொலிஸில் பந்தயம். சரிவாக அமைந்த பதின்மூன்றாவது வளைவில் மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் கார் அங்கே மோதியது. அந்த வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன நெளிவு வையுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் பந்தயம் ஓட்டின. அதில் நான்காவதாக வந்தவர் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அந்த ஆண்டு ஜோர்டான் குழுவில் அறிமுகமானவர், அன்று 5 புள்ளிகள் எடுத்தார். நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டே டயர் மாற்றலாம் என்று விதியைத் திருப்பிவிட்டார்கள்.

டயரைப் பற்றி எங்கள் பகுதிக்காரர்களிடம் யாரும் கதை விட முடியாது. எம்ஆர்எஃப் என்ற பெயரில் உள்ள எம், மெட்ராஸ். 1946ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. பிறகு டயருக்குப் போய், ரேஸ் கார் வரைக்கும் வந்தது. என்ஃபீல்டு புல்லட் 1950களில் இந்தியாவில் உருவாகத் தொடங்கியதும் திருவொற்றியூரில்தான். அசோக் லேலண்டுக்கு எண்ணூர். டயர், பைக், லாரி மூன்றும் ஒரே சாலையில். ரேஸ் மட்டும்தான் இங்கே இல்லை. ஒரு காலத்தில் அதுவும் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது காற்று. ஏன் முந்த முடிவதில்லை?

ரேஸ் காரின் முன்னும் பின்னும் இறக்கை போன்ற பலகைகள் இருக்கும். விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். இது தலைகீழாக, காரைத் தரையோடு அழுத்தும். அந்த அழுத்தம் இருந்தால்தான் வளைவில் வேகமாகத் திரும்ப முடியும். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. முன்னால் போகும் கார் காற்றைக் கலக்கிவிடுகிறது. கலங்கிய காற்றில் பின்னால் வருபவரின் இறக்கை சரியாக வேலை செய்யாது. அதனால் வேகமான வளைவில் நெருங்கிப் போனால் கார் வழுக்கும், டயர் சூடேறும், விலகி நிற்க வேண்டியதுதான். நேர்ச் சாலையிலோ நிலைமை தலைகீழ். முன் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் இருப்பவருக்குக் காற்றின் இழுப்பு குறைந்து வேகம் கூடும். லாரிக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புரியும் (தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள்).

எஃப்ஐஏ அமைப்பு சொன்ன கணக்கு இது: 2021 கார், முன் காருக்கு 20 மீட்டர் பின்னால் வரும்போது 35 சதவீத அழுத்தத்தை இழக்கும். 10 மீட்டரில் 46 சதவீதம். 2022ல் காரின் உருவத்தையே மாற்றி, அடிப்பாகத்தின் வழியாக அழுத்தம் கிடைக்கும்படி செய்தார்கள். இழப்பு 4 சதவீதமும் 18 சதவீதமுமாகக் குறைந்தது. இதற்காக இரண்டு கார்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் போவதை அமேசானின் கிளவுட் கம்ப்யூட்டர்களில், ஆயிரத்துக்கும் அதிகமான பிராசசர் கோர்களை வைத்துக் கணக்கிட்டார்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான்கோ எட்டோ இருக்கும்.

சரி, நாலு கோரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்? டார்க்ஸ் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. முழுப் பெயர் தி ஓப்பன் ரேசிங் கார் சிமுலேட்டர். 1997ல் தொடங்கியது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். வேறு கண்ட இடத்தில் டவுன்லோட் பட்டனை அழுத்தி வைரஸை வரவழைக்காதீர்கள். இதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஸ்பீட் ட்ரீம்ஸ் பார்க்க இன்னும் அழகாக இருக்கும். கடையில் கிடைக்கும் பெரிய கேம்கள் இவற்றைவிடப் பல மடங்கு பளபளப்பானவைதான். ஆனால் அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் திறந்து பார்க்க முடியாது. டார்க்ஸில் முடியும்.

கீபோர்டில் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் வெறுத்துவிடும். ஏனென்றால் ஒரு கீயை அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் ஒன்றுமில்லை. சாதாரண கேம்பேட் ஒன்று இருந்தால் போதும். ஆனால் என் சோதனைக்கு நான் ஓட்டவே இல்லை. டார்க்ஸில் ரோபோ ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பந்தயத்தைத் தொடங்கிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

டிராக் என்பது இதில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். சாலை துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும்: நேர்ச் சாலையென்றால் இத்தனை மீட்டர் நீளம், இடது அல்லது வலது வளைவென்றால் இத்தனை மீட்டர் ஆரம், இத்தனை டிகிரி. ஆரத்தைக் குறைத்தால் கொண்டை ஊசி வளைவு. கூட்டினால் வேக வளைவு. வலது டிகிரிகளின் கூட்டலுக்கும் இடது டிகிரிகளின் கூட்டலுக்கும் வித்தியாசம் 360 வர வேண்டும். இல்லாவிட்டால் சாலையின் தலையும் வாலும் சேராது. மாற்றுவதற்கு முன் அந்த ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு, கூடவே வரும் டிராக்ஜென் என்ற சிறு நிரலை ஓட்டி சாலையின் படத்தைப் புதிதாக உருவாக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியும் சாலை ஒன்றும் கார் ஓடும் சாலை ஒன்றுமாக இருக்கும். அதுவும் பார்க்க வேடிக்கைதான்.

நான் இரண்டு டிராக் செய்தேன். ஒன்றில் நீண்ட நேர்ச் சாலைக்கு முன்னால் வேக வளைவு. இன்னொன்றில் அதே இடத்தில் கொண்டை ஊசி. ஒரே மாதிரிக் கார்கள், அதே ரோபோக்கள், அதே சுற்றுகள். பல தடவை ஓடவிட்டு எத்தனை முறை முந்தினார்கள் என்று எண்ணினேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு! மறுவாரம் டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "டிராக் மேல தப்பு இல்லப்பா. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு."

கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து டார்க்ஸின் சி++ நிரலைத் திறந்து காற்றுப் பகுதியைப் படித்தேன். முன் காரின் பின்னால் வந்தால் இழுப்பு குறையும் என்பது எழுதப்பட்டிருந்தது. இறக்கையின் அழுத்தம் குறையும் என்பது எழுதப்படவே இல்லை. அதாவது லாபம் இருக்கிறது, நஷ்டம் இல்லை. அந்த உலகத்தில் கலங்கிய காற்றே கிடையாது. அப்புறம் எப்படி வேக வளைவு தொந்தரவு கொடுக்கும்? இஞ்சினியரிங் படித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு நிரல் எழுதுகிறவன், தான் நம்பும் நிரலின் உள்ளே பார்க்காமல் முடிவு சொல்லிவிட்டேன்.

எஃப்ஐஏ சொன்ன 2021 கணக்கை நானே முரட்டுத்தனமாகச் சேர்த்தேன். 20 மீட்டருக்குள் வந்தால் இறக்கையின் விசையில் 35 சதவீதம் வெட்டு, 10 மீட்டருக்குள் 46 சதவீதம். திரும்ப கம்பைல் செய்து ஓடவிட்டேன். வேக வளைவு டிராக்கில் பந்தயம் கன்டெய்னர் வரிசையாகிவிட்டது. கொண்டை ஊசி டிராக்கில் முந்துவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 2022 கணக்கைப் போட்டபோது வேக வளைவு டிராக்கிலும் கொஞ்சம் உயிர் வந்தது. இது விஞ்ஞான ஆராய்ச்சி இல்லை. ரோபோவுக்குப் பயமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள இது போதுமானதாக இருந்தது.

என் கருத்து இதுதான். வளைவும் காரின் உருவமும்தான் காரணம். இத்தனை தடவை டயர் மாற்று, கடைசிப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி (2014ல் அபுதாபியில் அப்படியும் செய்தார்கள்) என்று மேலிருந்து போடும் விதிகள் எல்லாம் ஒட்டுப் போடும் வேலை. 2011ல் வந்த டிஆர்எஸ் என்ற திறக்கும் பின் இறக்கையும் என்னைப் பொறுத்தவரை அப்படித்தான். பின்னால் வருபவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டால் அது முந்துவது ஆகுமா?

அபுதாபி நல்ல உதாரணம். 2010ல் அலோன்சோ சாம்பியன் பட்டத்துக்காக ஓட்டினார். பெட்ரோவ் என்ற புதியவரின் காருக்குப் பின்னால் ஏறக்குறைய நாற்பது சுற்று மாட்டிக்கொண்டு முந்தவே முடியவில்லை. பட்டம் வெட்டலுக்குப் போனது. அடுத்த ஆண்டே டிஆர்எஸ் வந்தது. அந்த டிராக்கின் வளைவுகளை மாற்றியதோ 2021ல்! பதினோரு வருடம் ஒட்டிலேயே ஓட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2011ல் திறந்த புத் டிராக்கை வடிவமைத்தவரும், அபுதாபியைப் போட்ட அதே ஹெர்மன் டில்க்கேதான். ஆனால் இங்கே மெதுவான மூன்றாவது வளைவு, பிறகு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ச் சாலை, அதன் முடிவில் அகலமான நான்காவது வளைவு என்று முந்துவதற்கு இடம் விட்டிருந்தார். மூன்றே பந்தயங்கள், மூன்றிலும் வெட்டல் ஜெயித்தார். 2013க்குப் பிறகு அங்கே ஃபார்முலா ஒன் வரவில்லை. அதற்குக் காரணம் வளைவு இல்லை, வரித் தகராறு.

2026 சீசனுக்கான விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: காரைச் சிறிதாக்கினார்கள். அகலம் 2 மீட்டரிலிருந்து 1.9 மீட்டர், குறைந்தபட்ச எடை 800 கிலோவிலிருந்து 768 கிலோ. மொனாக்கோ தெருவுக்கு அதுகூடப் பெரிய கார்தான். டிஆர்எஸ் போய்விட்டது. ஆனால் ஒரு விநாடிக்குள் பின்னால் வருபவருக்குக் கூடுதல் மின்சக்தி என்று வைத்திருக்கிறார்கள். பழைய கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கும் பணக்கார விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்கலாம். சோழவரத்தைக் கேட்டால் தெரியும். செங்குன்றத்தைத் தாண்டி ஜிஎன்டி சாலையில் இருக்கிற ஊர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே உண்டு. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990ல் சொந்த டிராக் திறக்கும் வரை, பல வருடங்கள் அங்கேதான் ரேஸ் நடத்தியது. என் அப்பா பையனாக இருந்தபோது மணலி, மாதவரம், செங்குன்றம் என்று சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே அங்கே ஓட்டினார். "வெட்டவெளிடா. யாரு யாரை முந்துறான்னு நின்ன இடத்துலயே தெரியும்" என்பார். டிராக் தெற்கே போனதும் எங்கள் ஊர் ஆட்களுக்கு அது தூரமாகிவிட்டது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. 3.5 கிலோமீட்டர், 19 வளைவுகள். நானும் போனேன். சின்னக் கார், சின்ன இறக்கை, அதனால் ஒட்டிக்கொண்டு ஓட்ட முடிந்தது. நேப்பியர் பாலத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அதே புயலின்போதுதான் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. அரசு இந்தப் பந்தயத்துக்கு 42 கோடி ரூபாய் ஒதுக்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஸ் பிடித்தவன் என்றாலும், தெருவில் இரண்டு நாள் போட்டுவிட்டுக் கழற்றும் டிராக்குக்கு அந்தப் பணம் அதிகம் என்பேன். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கார்ட் டிராக், வடக்கே எங்காவது, வருடம் முழுக்கத் திறந்திருக்கும்படி இருந்தால் எத்தனையோ பையன்களுக்கு உதவும்.

ஏன் பையன்கள் என்கிறேன் என்றால், ரேஸ் எங்கள் பக்கம் நிற்கவே இல்லை. ராத்திரி லாரி குறைந்த நேரத்தில் பைக்கில் நடக்கிறது. என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அப்படி ஒரு இரவில் விழுந்து, காலில் தகடு வைத்துக்கொண்டு நடக்கிறான். ஐடிஐ படிப்பு பாதியில் நின்றுவிட்டது. வளைவுக்கு எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று அவனைவிடத் தெளிவாகப் பேசும் ஆளை நான் பார்த்ததில்லை.

போன தீபாவளிக்கு என் பழைய கம்ப்யூட்டரையும் கேம்பேடையும் அவன் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். 1996ல் ஜாக் வில்நுவ், தான் அதுவரை ஓட்டியே பார்க்காத பெல்ஜியத்து ஸ்பா டிராக்கைக் கம்ப்யூட்டர் கேமில் பழகிவிட்டுப் போய், தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார் என்று அவனிடம் சொன்னேன். "அவனுக்குக் கார் குடுத்தாங்க இல்ல" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இப்போது என் ரோபோக்களைவிட அவன் சுற்று நேரம் குறைவு. கலங்கிய காற்று சேர்த்த என் டார்க்ஸில், கொண்டை ஊசிக்கு முன்னால் வெளிப்பக்கமாக விலகிச் சுத்தமான காற்றைப் பிடித்து முந்தும் வித்தையை அவன்தான் கண்டுபிடித்தான். எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து இப்போது சோழவரத்தை டார்க்ஸில் வரைகிறோம். அப்பா சொல்லச் சொல்ல நான் மீட்டரும் டிகிரியும் எழுதுகிறேன். அவன் ஓட்டிப் பார்த்து எங்கே ஆரம் தப்பு என்கிறான். போன வாரம் அப்பாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு சுற்று பேசாமல் பார்த்தார். "அகலம் பத்தாதுடா. ஏரோப்ளேன் இறங்குற இடம் அது" என்றார். அகல எண்ணை மாற்றி, டிராக்ஜென்னை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.